அப்பா அம்மாவைப் பற்றி உண்மையாக எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் கோவில்பட்டி. இருபத்திரண்டு வருடமாக மெய்ப்பு பார்ப்பதுதான் பிழைப்பு. ஜோதிட நூல், சமையல் குறிப்பு, பள்ளி நூற்றாண்டு மலர் என்று என்னென்னவோ வரும். நடுவே வருடத்துக்குப் பத்துப் பேராவது ஒரு குயர் நோட்டையோ பென் டிரைவையோ கொண்டுவந்து, "எங்க அப்பாவப் பத்தி எழுதியிருக்கேன், யார்ட்டயும் காட்டல" என்று தயங்கி நிற்பார்கள். என் அப்பாவைப் பற்றி நான் ஒரு சின்னப் புத்தகம் எழுதியது தெரிந்து வருகிறவர்கள். ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறேன்.

1. "எழுதுற அளவுக்கு எங்க வீட்ல பெருசா ஒண்ணும் நடக்கலையே?"

இதைக் கேட்பவர்கள்தான் பெரும்பாலும் எண்பது பக்கம் எழுதி வைத்திருப்பார்கள்.

என் அப்பா தையல்காரர். 1981-லிருந்து 1990 வரை ஒன்பது வருடம் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வீடு, ஒரே உலை. "ஒங்க அம்மாட்ட சொல்லு, குழம்புல உப்பு கூட" என்பார். அம்மா மூன்றடி தள்ளித்தான் நிற்பாள். நான் திரும்பி, "குழம்புல உப்பு கூடவாம்" என்பேன். "நாளைக்குக் கொறச்சுப் போடுறேன்னு சொல்லு" என்பாள். நான் மறுபடி இந்தப் பக்கம் திரும்புவேன். அக்கம்பக்கத்தில் கேட்டால் சத்தமே இல்லாத வீடு என்றுதான் சொல்வார்கள்.

2. "எங்கிருந்து ஆரம்பிக்கணும்? பொறந்ததுல இருந்தா?"

வேண்டாம். "நான் இன்ன ஊரில் இன்னாருக்கு மூன்றாவது மகளாகப் பிறந்தேன்" என்று தொடங்கும் நோட்டுகளில் பாதி பத்தாவது பக்கத்தைத் தாண்டுவதில்லை. பாட்டன் பூட்டன் பெயர் சொல்லி முடிப்பதற்குள் எழுதுகிறவருக்கே சலித்துவிடும்.

நான் ஒன்று கேட்பேன்: எந்தச் சத்தம் கேட்டால் உங்கள் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்துவீர்கள்? ஒருவர் உடனே, "சைக்கிள் ஸ்டாண்டு" என்றார். போதையில் வந்தால் அவருடைய அப்பா ஸ்டாண்டு போடும்போது இரண்டு தடவை தவறுமாம். முதல் தடவையிலேயே விழுந்துவிட்டால் அன்றைக்கு நிம்மதி. அங்கே ஆரம்பியுங்கள் என்றேன். அப்புறம் பாட்டன் பூட்டன் தானாக வந்து சேர்ந்துகொண்டார்கள்.

3. "அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்னு ஒண்ணாங்கிளாஸ்லயே படிச்சோமே. இது பாவம் இல்லையா?"

கொன்றை வேந்தனின் முதல் வரி அது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொன்னது. ஆனால் நம் கதைகள் எல்லாம் அந்த ஒரு வரியோடு நின்றுவிடவில்லை. பரதன் தன் தாய் கைகேயியிடம் பேசுகிற பேச்சைக் கதாகாலட்சேபத்தில் கேட்டிருப்பீர்கள். இரணியன் கூத்தில் விடிய விடிய மகன் அப்பனை எதிர்த்துப் பேசுகிறான். அதைப் பார்த்துவிட்டுப் பிரகலாதனை யாரும் "பெத்த அப்பனையே பேசுறான் பாரு" என்று திட்டுவதில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. இரணியன் அசுரன், கோரப்பல் வைத்துக்கொண்டு வருவான். நம் அப்பாக்கள் அப்படி வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் பால் பன் வாங்கிக் கொடுத்த அதே கைதான் அடித்தது. சிரமம் அதில்தான் இருக்கிறது, 8-ஆம் கேள்வியில் அதற்கு வருகிறேன்.

4. "எழுதுனா மனபாரம் கொறயும்ங்கிறாங்களே, நெஜமா?"

ஓரளவு. அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், வாழ்க்கையில் தங்களை மிகவும் உலுக்கியதை எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அப்போது பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்திருந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் கனத்துத்தான் போயிருந்தது. இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று, அது அச்சுக்காக எழுதியதில்லை. பாரம் இறக்க எழுதுவது வேறு, பிறர் படிக்க எழுதுவது வேறு. முன்னதில் எப்படி வேண்டுமானாலும் கொட்டலாம், கெட்ட வார்த்தையில் திட்டலாம், கிழித்தும் போடலாம். அதைச் செய்து முடித்தவர்கள்தான் இரண்டாவதை நன்றாக எழுதுகிறார்கள். எழுதும் நாட்களில் தூக்கம் போய்விட்டது, கை நடுங்குகிறது, சாகலாம் என்று தோன்றுகிறது என்றால் நோட்டை மூடி வையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. புத்தகம் காத்திருக்கும்.

5. "எனக்கு எல்லாமே துண்டு துண்டாத்தான் ஞாபகம் இருக்கு. நெஜமாவே நடந்துச்சான்னே சந்தேகமா இருக்கு."

சந்தேகம் வருவது நல்லதுதான். துளிகூடச் சந்தேகம் வராத நோட்டுகளைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களிடம் அந்தச் செய்தியை எங்கே, யாரோடு இருக்கும்போது கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்வி. 11 பேர் சொன்னதில் ஒரு விவரம்கூடப் பழையதோடு ஒத்துப்போகவில்லை. அவர்கள் தயங்கியும் சொல்லவில்லை, அடித்துச் சொன்னார்கள்.

என் கதையும் அதுதான். அண்ணனை எட்டாம் வகுப்போடு நிறுத்திக் கடையில் காஜா எடுக்க, அதாவது பட்டன் ஓட்டை தைக்க, உட்கார வைத்தார் அப்பா. அதற்கு முந்தின நாள் இரும்பு ஸ்கேலால் அடித்தார், அதனால்தான் அவன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று முப்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அண்ணனைக் கேட்டால், "மரக் கெஜக்கோல். ஸ்கேல் இல்ல" என்றான். அக்கா, "அன்னிக்கு நீ வீட்லயே இல்ல, ஆச்சி வீட்ல இருந்த" என்றாள். டிரங்குப் பெட்டியைக் குடைந்து அவனுடைய டி.சி.யை எடுத்தேன். பள்ளியை விட்ட தேதி 1982 ஜூன். அடி விழுந்தது அந்த வருடத் தீபாவளி நெருக்கடியில் என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆக, முதலில் படிப்பு நின்றிருக்கிறது, அடி பிறகு. காரண காரியத்தை நானே தைத்து ஒட்டியிருக்கிறேன். புத்தகத்தில் மூன்று பேர் சொன்னதையும் டி.சி. தேதியையும் அப்படியே வரிசையாக எழுதினேன்.

நம் வீடுகளில் ஆவணமே இல்லை என்று நினைக்காதீர்கள். மொய் நோட்டைவிட நல்ல ஆவணம் உண்டா? யார் வந்தார், யார் வரவில்லை, எந்த வருடத்தோடு எந்தச் சித்தப்பா வீட்டோடு போக்குவரத்து நின்றது, எல்லாம் அதில் இருக்கும். அடகுக்கடை ரசீது, பழைய ரேஷன் கார்டில் அடித்துத் திருத்திய பெயர், ஜாதக நோட்டு, கல்யாணப் பத்திரிகையில் விடுபட்ட பெயர் எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள். சொத்துத் தகராறு என்றால் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அம்மா தன் தம்பிக்குச் சங்கிலியை அடகு வைக்கக் கொடுத்ததால்தான் அப்பா பேச்சை நிறுத்தினார் என்பது அண்ணனின் நெடுநாள் கட்சி. ரசீதைப் பார்த்தால் 1982 என்று இருக்கிறது. பேச்சு நின்றது அதற்கு முந்தின வருடம். உண்மையான காரணம் என்னவென்று எங்கள் யாருக்கும் தெரியாது. தெரியாது என்றே எழுதினேன்.

6. "அன்னிக்கு என்ன பேசுனாங்கன்னு ஞாபகம் இல்ல. உரையாடலா எழுதலாமா?"

தினமும் காதில் விழுந்த வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போடலாம். "ஒங்க அம்மாட்ட சொல்லு" என்பதை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், அதில் பிசகு வராது. ஒரே ஒரு தடவை கேட்ட நீண்ட பேச்சை அரைப் பக்கத்துக்கு மேற்கோள் குறியில் போட்டால் வாசகர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. "பணத்தைப் பற்றி ஏதோ சொன்னார், 'பிச்சை' என்ற சொல் மட்டும் நினைவிருக்கிறது" என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல்லே அரைப் பக்க வசனத்தைவிட அதிகம் சுடும்.

7. "நடந்த கொடுமையெல்லாம் எழுதிட்டேன். படிச்சவங்க ஒரே ஒப்பாரியா இருக்குங்கிறாங்க."

ஒப்பாரி என்பதை ஏன்தான் வசவாகச் சொல்கிறோமோ. எழவு வீட்டில் நன்றாகப் பாடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். செத்தவர் எந்தச் சந்தையில் எந்த மாட்டைப் பிடித்து வந்தார், எந்த மச்சுக்கு எத்தனை படி என்று அத்தனையும் விவரமாக இருக்கும். "நல்லவர், வல்லவர்" என்று ஒருவரும் பாடுவதில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் அப்படி எழுதும்.

உங்கள் நோட்டில் "கொடூரமான", "இரக்கமற்ற", "நரக வேதனை" என்று வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் சுழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுழிக்கும் பதிலாக, அந்த நேரத்தில் யார் எங்கே நின்றார்கள், கையில் என்ன இருந்தது என்று எழுதிப் பாருங்கள். ஒரு அம்மா "என் மாமியார் போலவே என் அப்பாவும் இரக்கமற்றவர்" என்று எழுதிக்கொண்டு வந்தார். என்ன செய்தார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "பத்தாவது ரிசல்ட் வந்த பேப்பர்ல என் நம்பர் இருந்த எடத்தக் கிழிச்சு, அதுல வெத்தல மடிச்சாரு" என்றார். இரக்கமற்றவர் என்ற சொல்லுக்கு அப்புறம் வேலை இல்லை.

8. "அவரு செஞ்ச நல்லதையும் எழுதணுமா? எழுதுனா அவர நியாயப்படுத்துற மாதிரி ஆயிடாதா?"

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

என் முதல் பிரதியில் அப்பா ஒரு கல். பேசாதவர், அடிப்பவர், பையன் படிப்பைக் கெடுத்தவர். படித்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. அவர் இறந்து கடையைக் காலி செய்தபோது மெஷின் டிராயரிலிருந்து அளவு நோட்டுகள் வந்தன. வாடிக்கையாளர் பெயர், தேதி, அளவு, ஓரத்தில் குண்டூசி குத்திய துணிக் கத்தரிப்பு. ஒவ்வொரு வருடமும் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு பக்கத்தில், பெயர் எழுதும் இடத்தில் "வீடு" என்று மட்டும் இருந்தது. அம்மாவின் ஜாக்கெட். பேசாத ஒன்பது வருடமும் இருக்கிறது. உடம்பு 34, அடுத்த வருடமும் 34, பிறகு 35. அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்த வருடம் 33. டேப் வைத்து அளந்திருக்க வழியில்லை, பேசவே இல்லையே. அளவு ஜாக்கெட் கேட்டு என்னை அனுப்பியதாகவும் எனக்கு நினைவில்லை. கண்ணால் பார்த்தே எடுத்திருக்கிறார்.

இது எனக்குக் கையில் முள் குத்தினாற்போல் இருந்தது. தூக்கிப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன், உண்மையாகவே. இதைச் சேர்த்தால் என் கல் உடைந்துவிடும். ஆனால் விட்டுவிட்டால் நான் எழுதியது பொய். ஒரு வாக்கியம்கூடப் பொய்யில்லாமல் மொத்தமும் பொய்யாக இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சேர்த்தேன். அதனால் அண்ணனின் படிப்பு திரும்ப வந்துவிடவில்லை, அம்மாவின் ஒன்பது வருடமும் வந்துவிடவில்லை. "ஆனாலும் உள்ளுக்குள் பாசம் இருந்தது" என்று கீழே ஒரு வரி போடச் சொன்னார்கள். போடவில்லை. பாசமா, தொழில் பழக்கமா, எனக்கு எப்படித் தெரியும்? நோட்டில் இருந்த எண்களை எழுதினேன், அவ்வளவுதான்.

ஆக என் பதில்: நல்லது கெட்டதைத் தராசில் நிறுத்துச் சமமாகப் போட வேண்டியதில்லை. எது உங்கள் கதைக்கு இடைஞ்சலாக இருக்கிறதோ, எதை யாரும் கேட்கப்போவதில்லை என்று விட்டுவிட நினைக்கிறீர்களோ, அது கட்டாயம் உள்ளே வர வேண்டும். அது அவருடைய நல்ல குணமாகவும் இருக்கலாம், உங்களுடைய கெட்ட குணமாகவும் இருக்கலாம்.

9. "அப்ப நான் செஞ்ச தப்பையும் எழுதணுமா?"

எழுதுங்கள். வாசகருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வருவது அங்கேதான். அண்ணன் காஜா எடுத்த கூலியும் பின்னால் மெஷினில் உட்கார்ந்த கூலியும் சேர்ந்துதான் என் கல்லூரிக் கட்டணம் ஆயிற்று. அண்ணன் படிப்பு போனதற்காக நாற்பது பக்கம் கண்ணீர் விட்டவள், அதில் லாபம் அடைந்தது யார் என்பதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. அதை எழுதத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

ப. சிவகாமியின் 'பழையன கழிதலும்' நாவலில் கௌரி என்ற மகளும் காத்தமுத்து என்ற அப்பாவும் வருகிறார்கள். ஊரில் தன் மக்களுக்காக நிற்கும் தலைவர், வீட்டில் அதட்டல் மிகுந்த ஆண். பிறகு 1997-இல் சிவகாமி 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நூலையே எழுதினார். எழுதியவளே ஊருக்குத் திரும்பிப் போய், அப்பாவை அப்படிக் காட்டியது சரிதானா என்று தன் நாவலையே குறுக்கு விசாரணை செய்கிற நூல். எல்லோரும் இரண்டாவது புத்தகம் எழுத வேண்டாம், முதல் புத்தகத்திலேயே ஒரு அத்தியாயம் ஒதுக்கலாம்.

10. "அவரு ஏன் அப்படி ஆனாருன்னு காரணம் தேடணுமா?"

தேடிப் பாருங்கள். கிடைத்ததை எழுதுங்கள். கிடைக்காததை உளவியல் சொற்களால் நிரப்பாதீர்கள். இப்போது வரும் நோட்டுகளில் "என் தாய் ஒரு நார்சிஸிஸ்ட்", "டாக்ஸிக் பேரன்டிங்" என்று ரீல்ஸ் பார்த்த வாடை அடிக்கிறது. மருத்துவர் பார்த்துச் சொல்லியிருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால், 7-இல் சொன்ன மாதிரி, செய்ததை எழுதினால் போதும்.

காரணம் பல நேரம் வீட்டுக்கு வெளியே இருக்கும். தொண்ணூறுகளில் ரெடிமேட் சட்டை வந்து எங்கள் தெருவில் தையல் கடை ஒவ்வொன்றாக மூடியது. வானம் பார்த்த பூமி, விளைச்சல் பொய்த்தால் தைக்கக் கொடுக்கவும் ஆள் இல்லை. அப்பா தன் பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர். இதையெல்லாம் எழுதினேன். "அதனால்தான் அடித்தார்" என்று எழுதவில்லை. எதிர்த்த கடைத் தையல்காரருக்கும் இதே கதைதான், அவர் யாரையும் அடித்ததில்லை.

11. "அப்பாவத் திட்டி எழுதுனா ஏத்துக்கறாங்க. அம்மாவச் சொன்னா விடமாட்டேங்கறாங்களே?"

ஆமாம், அது அப்படித்தான். குடிகார அப்பாவுக்கு நம் மனதில் ஏற்கெனவே ஒரு நாற்காலி இருக்கிறது, சூடு போட்ட அம்மாவுக்கு இல்லை. அதனால் அம்மாவைப் பற்றி எழுதுபவர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் "இருந்தாலும் தாய் தாய்தான்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போகிறார்கள். ஒரு தடவை சொன்னால் போதும், முடிந்தால் அதுவும் வேண்டாம்.

அருந்ததி ராய் 2025-இல் தன் தாய் மேரி ராயைப் பற்றி நினைவுக்குறிப்பு வெளியிட்டார். சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சொத்தில் சம பங்கு உண்டு என்று 1986-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வாங்கிய அதே மேரி ராய்தான். வெளியே அவ்வளவு பெரிய போராட்டக்காரர், வீட்டில் பிள்ளைகளிடம் எவ்வளவு கடுமை என்று இரண்டையும் மகள் எழுதியிருக்கிறார். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கவில்லை. அம்மாவைப் பற்றி எழுதத் தயங்குகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

12. "உயிரோட இருக்கும்போதே வெளியிடலாமா, போனப்புறமா?"

காஃப்கா என்ற எழுத்தாளர் 1919-இல் தன் அப்பாவுக்கு நூறு பக்கத்துக்கு மேல் ஒரு கடிதம் எழுதினார். அம்மாவிடம் கொடுத்து, அப்பாவிடம் சேர்க்கச் சொன்னார். அம்மா அதைக் கொடுக்காமல் மகனிடமே திருப்பித் தந்துவிட்டார் என்று காஃப்காவின் நண்பர் மாக்ஸ் பிராட் சொல்கிறார். மகன் 1924-இல் போனார், அப்பா 1931-இல் போனார். கடிதம் முழுமையாக அச்சில் வந்தது 1952-இல். யாருக்காக எழுதினாரோ அவர் ஒருவர்தான் படிக்கவில்லை.

நான் பொது விதி சொல்வதில்லை. அவர் வீட்டில், அவர் சோற்றில் இருக்கிறீர்கள் என்றால் இப்போது வெளியிடாதீர்கள். கை ஓங்குகிற ஆள் என்றாலும் அப்படித்தான். எழுதி, வேறொருவர் வீட்டில் ஒரு பிரதியை வையுங்கள். அந்த ஆபத்து இல்லையென்றால், அவர் உயிரோடு இருப்பதில் ஒரு நன்மை உண்டு, பதில் சொல்ல ஆள் இருக்கிறது. நான் அப்பா போன பிறகு வெளியிட்டவள். தைரியம் இல்லாமல்தான்.

13. "அக்கா பொண்ணுக்கு வரன் பாக்குறாங்க. இப்பப் போயி சந்தி சிரிக்க வைக்கிறியான்னு கூடப்பொறந்ததுங்க சண்டைக்கு வர்றாங்க."

மல்லாந்து படுத்துக்கொண்டு எச்சில் துப்புகிறாய் என்று எனக்கும் சொன்னார்கள். அவர்கள் பயத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. பெண் கேட்டு வருகிறவர்கள் விசாரிக்கத்தான் செய்வார்கள். ஆறு மாதம் தள்ளிப்போடுவதால் உங்கள் புத்தகம் ஊசிப்போகாது.

நான் செய்தது இது. ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, எனக்கு நடந்ததையும் நான் கண்ணால் பார்த்ததையும் ஒரு பக்கம் எழுதினேன். அண்ணனோ அக்காவோ என்னிடம் நம்பிச் சொன்னதை மறு பக்கம். முதல் பக்கத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இரண்டாவது பக்கத்தை அவரவரிடம் காட்டினேன். அக்கா ஒரு விஷயத்தை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். அது என்னவென்று இங்கேயும் சொல்ல மாட்டேன். அண்ணன் மெஷினில் உட்கார்ந்தபடியே தன் பக்கங்களைப் படித்தான். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பட்டன் தச்சேன்னு போட்டிருக்க. காஜா எடுத்தேன்னு போடு. பட்டன் பொடிப்பய வேல" என்றான். அது ஒன்றுதான் அவன் கேட்ட திருத்தம்.

14. "பேர மாத்திட்டாப் போதுமா? இல்ல கதையாவே எழுதிறலாமா?"

தெருவுக்கு ஒரு தையல்காரர் இருக்கிற ஊரில் பெயரை மாற்றி என்ன பயன்? தன் வாழ்க்கையையே 'கருக்கு' என்று எழுதிய பாமாவை எடுத்துக்கொள்ளுங்கள், பாமா என்பதே புனைபெயர்தான். அப்படியிருந்தும் 1992-இல் புத்தகம் வந்ததும் ஊர்க்காரர்கள் அடையாளம் கண்டு கோபப்பட்டார்கள். சில மாதங்கள் அவரால் சொந்த ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு அதே ஊர் அந்தப் புத்தகத்தைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது வேறு கதை.

கதையாக எழுதுவது தாராளமாகச் செய்யலாம், ஆனால் கதை என்றே சொல்லி எழுதுங்கள். நாவலில் அப்பாவை ரயில்வேக்காரர் ஆக்கலாம், இல்லாத தங்கையைப் பிறக்க வைக்கலாம். அதையே தன்வரலாறு என்று அட்டையில் போட்டுவிட்டால், ஒரு பொய் தெரியும்போது உண்மையாக நடந்த அடியும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

15. "கேஸ் போடுவாங்களா?"

நான் வக்கீல் இல்லை, அச்சுக்குப் போகும் முன் ஒருவரைப் பாருங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவு. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வருகிறது. 2024 ஜூலை 1-க்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500. இரண்டு வருடம் வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை. "உண்மையைத்தானே எழுதினேன்" என்பது மட்டும் குற்ற வழக்கில் போதாது, அது பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டது என்றும் காட்ட வேண்டும். நஷ்ட ஈடு கேட்கும் சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் அதுவே தற்காப்பு. அந்த வழக்கை வெளியான ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். செத்தவரைப் பற்றி எழுதினால் கேள்வி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இறந்தவரைப் பற்றிய பழியும், உறவினர் மனதைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால், அவதூறாகலாம் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. 5-இல் சொன்ன டி.சி.யும் ரசீதும் அப்போதுதான் கைகொடுக்கும்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். குடும்பத்தில் வேறு ஒருவருக்கு, தங்கைக்கோ அத்தை மகளுக்கோ, பாலியல் வன்கொடுமை நடந்திருந்தால் அவர் யாரென்று தெரியும்படி எழுதுவதே தனிக் குற்றம், அதே சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு. வயது வந்தவர் எழுத்தில் சம்மதம் தந்தால் மட்டுமே விலக்கு. அவர் பெயரைப் போடாமல் "என் ஒரே தங்கை" என்று எழுதினாலும் அடையாளம்தான்.

16. "அம்மாவோட டைரி கெடச்சது. அப்படியே சேத்துறலாமா?"

காகிதம் உங்கள் கையில் இருப்பதால் எழுத்தும் உங்களுடையது ஆகிவிடாது. கடிதமோ டைரியோ, பதிப்புரிமை எழுதியவருக்கு. அவர் போன பிறகு வாரிசுகளுக்கு, அதாவது உங்களோடு சண்டை போடும் அந்தக் கூடப்பிறந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். ஓரிரு வரி மேற்கோள் காட்டுவது வேறு, பக்கம் பக்கமாக எடுத்துப் போடுவது வேறு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பூட்டி வைத்து எழுதியவள் யாருக்கும் காட்ட எழுதவில்லையே என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

17. "மன்னிக்காம எழுத முடியுமா?"

முடியும். கடைசி அத்தியாயத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும் என்று யார் விதி வைத்தார்களோ தெரியவில்லை, எல்லா நோட்டிலும் அந்தக் கட்டில் வந்துவிடுகிறது. உண்மையில் அழுதிருந்தால் எழுதுங்கள். நான் அழவில்லை. டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

18. "உங்க புத்தகத்த உங்க அம்மா படிச்சாங்களா?"

எல்லோரும் போகும்போது வாசலில் நின்று கேட்கிற கேள்வி இது. அம்மாவுக்குக் கண் சரியில்லை, அதனால் நான்தான் வாசித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். காஜா, கெஜக்கோல், உப்புக் குழம்பு எல்லாவற்றுக்கும் "ம்" மட்டும். அளவு நோட்டுப் பக்கம் வந்தபோது கை நின்றது. எண்களை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"ஒடம்பு சரியாத்தான் இருக்கும். கைதான் எப்பவும் பிடிக்கும்" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்ல, என்கிட்ட சொல்லிவிட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே?"

"அதப் போயி ஒரு பிள்ளைட்டயா சொல்லிவிட முடியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கொத்தை எடுத்தாள்.